மண் குவளையும் தலைமைப் பதவியும்

கிரிக்கெட் வீரர்கள் பலரின் பெயர்களை நம் இளைஞர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பர். ஆயினும், அவ்வாட்டம் இந்தியாவில் வேரூன்றிய காலத்தில் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கியவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய பல்வங்கர் பாலு என்பதை அவருள் எத்தனை பேர் அறிவர்?

பாலு 1876-இல் தார்வாரில், தோல் தொழிலுக்குரிய சமூகத்தில் பிறந்தார். பூனாவில் பார்சிகளின் மைதானத்தில் மாதம் 3 ரூபாய் ஊதியத்திற்கு ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் கிரெய்க் என்னும் ஆங்கிலேயருக்கு மணிக்கணக்காகப் பந்து வீசியே இடக்கைச் சுழற்பந்தில் தேர்ச்சி பெற்றார். ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்தனர். எனினும் தேநீர் வேளையில் மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை. இரட்டைக் குவளையின் கொடுமையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1906-இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபோது அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் மட்டும் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இத்தனை புகழ் பெற்றும் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அதற்குத் தடை சாதியே.

1920-ஆம் ஆண்டுப் போட்டியில் பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். உடனே தம்பியர் விட்டலும் சிவராமும், சாதியின் பெயரால் இழைக்கப்படும் அநீதியைப் பொறுக்கோம் என வெளிப்படையாக அறிவித்து விலகினர். அதன் பயனாகப் பாலு மீண்டும் அழைக்கப்பட்டுத் துணைத்தலைவரானார். 1923-இல் விட்டலே தலைவராகி, ஐரோப்பியரை வென்று வாகை சூடினார். அண்ணனுக்கு அடைக்கப்பட்ட கதவு தம்பிக்குத் திறந்தது.

பிற்காலத்தில் பாலு அரசியலில் அண்ணல் அம்பேத்கரோடு மாறுபட்டு, 1937 தேர்தலில் அவரை எதிர்த்துத் தோற்றார். அதனையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆடுகளத்தில் அவர் ஈட்டிய பெருமை அதனால் குன்றாது. அவர் 1955-இல் மறைந்தார்.

இளைஞர்காள்! திறமை பாலுவை மைதானத்திற்குள் கொண்டு சென்றது. ஆனால் உரிமையைப் பெற்றுத் தந்தது உடன்பிறந்தாரின் ஒற்றுமையே. கல்வியிலும் பணியிலும் நாம் முன்னேறும் இந்நாளில், முன்னேறியவர் பின்நிற்பவர்க்குத் துணை நிற்றல் வேண்டும். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக வலியுறுத்தி வருவதும் இதுவே.