அமெரிக்க அதிபர்களும் பதவி வேட்டையும் (1865–1901)

ஆபிரகாம் லிங்கன் கொலையுண்ட 1865 முதல் வில்லியம் மெக்கின்லி கொலையுண்ட 1901 வரை அமெரிக்காவை எட்டு அதிபர்கள் ஆண்டனர். அவர்களுக்கு ஓயாத தலைவலியாக இருந்தது அரசு வேலை கேட்டு வாசலில் நின்ற கூட்டம். வென்ற கட்சி தன் ஆட்களுக்கே வேலைகளைப் பங்கிடும் வழக்கம் 1829-ல் ஆட்சிக்கு வந்த ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் வேரூன்றியது. வேலை கிடைத்தவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குக் கட்டினார்கள்.

நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு உரிமை என்ற சண்டையில் முதலில் சிக்கியவர் ஆண்ட்ரூ ஜான்சன். செனட்டின் சம்மதமின்றி உயர் அதிகாரிகளை நீக்கக் கூடாது என்று 1867-ல் சட்டம் வந்தது. அதை மீறிப் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை நீக்கியதால், 1868-ல் ஜான்சன் மீது செனட்டில் விசாரணை நடந்தது. ஒரே ஒரு வாக்கில் பதவி தப்பியது.

அடுத்து வந்த யுலிசஸ் கிராண்டின் ஆட்சியில் ஊழல் புகார்கள் மலிந்தன. அவருக்குப் பின் வந்த ரதர்ஃபோர்டு ஹேய்ஸ், நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் கைவைத்தார். நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பங்கு வசூலான அந்த அலுவலகம் செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங்கின் கோட்டை. அதன் தலைமை அதிகாரியாக இருந்த கான்க்ளிங்கின் ஆள் செஸ்டர் ஆர்தரை 1878-ல் ஹேய்ஸ் நீக்கினார்.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சார்லஸ் கிட்டோ சுட்டான். தேர்தலில் தான் உழைத்ததற்குப் பாரிஸ் தூதரகப் பதவி கிடைத்தே தீரும் என்று நம்பி ஏமாந்தவன் அவன். முதுகில் பாய்ந்த குண்டைத் தேடி மருத்துவர்கள் கழுவாத விரல்களால் காயத்தைக் குடைந்தனர். தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தைக் கண்டறியும் கருவியுடன் வந்தார். வலப்பக்கத்தில் மட்டும் தேட அனுமதித்தார் தலைமை மருத்துவர். குண்டு இருந்ததோ இடப்பக்கம். காயத்தில் சீழ் வைத்து, 79 நாள் போராடி செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார்.

துணை அதிபராக இருந்து அவர் இடத்துக்கு வந்தவர் அதே ஆர்தர்! சிபாரிசில் வளர்ந்தவர் பழைய கதையையே தொடர்வார் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். சில பதவிகளுக்குப் போட்டித் தேர்வு வந்தது. ஊழியர்களிடம் கட்சிக்காகக் கட்டாய வசூல் செய்வது குற்றமானது.

தொடக்கத்தில் மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒன்றே இந்தச் சட்டத்துக்குள் வந்தது. பட்டியல் வளர்ந்த விதம் வேடிக்கையானது. பதவி விட்டுப் போகும் அதிபர்கள், தாங்கள் அமர்த்திய ஆட்களை அடுத்த கட்சி விரட்டாதபடி அந்த வேலைகளையும் தேர்வு முறைக்குள் சேர்த்துவிட்டுப் போனார்கள். க்ரோவர் கிளீவ்லாந்தின் முதல் ஆட்சியில், 1887-ல், ஜான்சனைச் சிக்கவைத்த பழைய சட்டமும் நீங்கியது.

பெஞ்சமின் ஹாரிசன் 1889-ல் குடிமைப் பணி ஆணையத்துக்கு நியமித்த தியடோர் ரூஸ்வெல்ட், சொந்தக் கட்சியினரின் சிபாரிசுகளையும் தட்டிக்கழித்துப் பகை தேடிக்கொண்டார். மெக்கின்லியோ 1899-ல் பல ஆயிரம் பதவிகளைத் தேர்வு முறையிலிருந்து விலக்கினார். 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் அவர் சுடப்பட்டு இறந்தபோது, துணை அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் அதிபரானார்.