எலினோர் ரிக்பி: ஒரு பெயரின் வரலாறு

பீட்டில்ஸ் குழுவினரின் ‘எலினோர் ரிக்பி’ 1966 ஆகஸ்டில் வெளிவந்தது. துணையின்றி வாழ்ந்து துணையின்றியே மடியும் ஒரு பெண்ணின் பாடல் அது. குழுவினர் நால்வரில் எவரும் அதில் கருவி இசைக்கவில்லை. ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த இசையை வாசித்தோர் எட்டு நரம்பிசைக் கலைஞர்களே.

நடிகை எலினோர் பிரானின் பெயரையும் பிரிஸ்டல் நகரக் கடையொன்றின் பெயரையும் இணைத்துப் புனைந்ததாகவே பால் மக்கார்ட்னி கூறிவந்தார். பாடலில் வரும் பாதிரியாருக்கு முதலில் தம் குடும்பப் பெயரையே சூட்டியிருந்தார். தம் தந்தையென்று கருதிவிடுவர் என அஞ்சி, தொலைபேசி விவரத்தொகுப்பைப் புரட்டி மக்கென்சி என மாற்றினார்.

ஆயினும் 1980களில், லிவர்பூலின் வூல்ட்டன் புனித பேதுரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் எலினோர் ரிக்பி என்று பொறித்த கல்லொன்று கண்டறியப்பட்டது. மக்கார்ட்னியும் ஜான் லெனனும் 1957 ஜூலை 6 அன்று முதன்முதலாகச் சந்தித்தது அத்தேவாலய விழாவிலேதான். அப்பெயர் அறியாமலே மனத்தில் படிந்திருக்கலாம் என மக்கார்ட்னியும் பின்னர் ஒப்பினார். அது இயல்பே, கவிஞர் பலர்க்கும் நேர்வதுதான்.

அன்று தொட்டு இரசிகர்கள் அக்கல்லைத் தேடி வருகின்றனர். 1939இல், தமது 44ஆம் வயதில் மறைந்த அப்பெண்மணியை அன்புக்குரிய மனைவி என்றே கல் குறிக்கிறது. கணவர் பெயரும் உறவினர் பெயர்களும் உடனுள்ளன. தனிமை பாடலுக்குரியது, அவருக்குரியதன்று. அண்மையில் மக்கென்சி என்னும் பெயர் தாங்கிய கல்லும் உண்டு. அதையும் அவர்கள் விடுவதில்லை.