ஊர்ச் சாலையும் ஊராட்சித் தலைவர் தேர்தலும்

தமிழ்நாட்டில் சாலைப் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தேர்தல் பதவி கிடையாது. அந்த வேலை ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்குள் அடங்கியிருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110ஆவது பிரிவில் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளை அடுக்குகிறது. தெருவிளக்கு, வடிகால், சுடுகாடு எல்லாவற்றுக்கும் முன்பாக அங்கே நிற்பது ஊர்ச் சாலைகளும் அவற்றின் பாலங்களும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையின் தென்கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டிலும் இதே ஏற்பாடுதான். தலைவர் பதவிக்கு நிற்பவர் துண்டறிக்கையில் என்ன அச்சடித்திருந்தாலும், வாசலில் நிற்கும் பெண் கேட்பது "எங்க தெருவுக்கு எப்ப ரோடு போடுவீங்க?" என்பதைத்தான்.

வாரியத்திலிருந்து போர்டு வரை

தெரிந்தெடுத்த ஆட்களிடம் வழியை ஒப்படைப்பது இங்கே பழைய வழக்கம். சோழர் காலச் சபைகளின் குழுக்களில், ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு தடிவழி வாரியம் என்ற பெயரும் கல்வெட்டுகளில் வருகிறது. அது பாதைகளைக் கவனித்த குழு என்று ஆய்வாளர்கள் பொருள் கொள்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் எடுக்க விதி வகுத்தன. வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர் பெயருக்கும் அதே தடை. அது பிராமணச் சபை என்பதையும், சீட்டில் ஏறும் தகுதி ஊரில் மிகச் சிலருக்கே இருந்தது என்பதையும் விட்டுவிட்டு அதை மக்களாட்சி என்று கொண்டாடுவது சரியல்ல. ஆனால் கணக்குக் காட்டாதவருக்குப் போட்ட தடை இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் நின்றவர் முடிவு வந்த 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்காவிட்டால் அடுத்து நிற்கும் தகுதியை இழக்க நேரிடும்.

இங்கிலாந்தில் கதை நேர் எதிர். 1555ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஊர்ப்பற்றும் சாலைக் கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் இல்லை, மறுத்தால் அபராதம். ஊராரை ஆண்டுக்குச் சில நாள் கூலியில்லாமல் மண் வெட்ட வைப்பதும் அவர் பாடு. போட்டி எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சிற்றூர்களில் இன்றும் சாலைக் கண்காணிப்பாளரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே அது சம்பளத்துக்குரிய வேலை, ஆட்களும் போட்டி போடுகிறார்கள்.

சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டுத் தலச் சபைச் சட்டத்துக்குப் பிறகு சாலைகள் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு கைக்கு வந்தன. அன்று தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்த மூங்கில்துறைப்பட்டுப் பகுதியும் அதற்குள் அடங்கும். 1946இல் நெடுஞ்சாலைத் துறை தனித் துறையானது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தபோது ஜில்லா போர்டுகள் மறைந்தன. அன்று முதல் பெரிய சாலை துறைக்கு, நடுத்தரச் சாலை ஒன்றியத்துக்கு, தெரு ஊராட்சிக்கு.

இது யார் ரோடு?

வாக்காளருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரிவதில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளம் பள்ளம்தான். மூங்கில்துறைப்பட்டு வழியாகப் போகும் திருவண்ணாமலை–சங்கராபுரம் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் ஒரு கூடை ஜல்லி கொட்டவும் ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமில்லை. மைல்கல்லின் தலை நிறத்தைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. தெருவுக்கு மைல்கல் கிடையாது. அங்கே திட்டத்தின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய சிமென்ட் பலகைதான் அடையாளம்.

இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, பெயரில் கள்ளக்குறிச்சியை வைத்துக்கொண்டு, இருப்பது மூங்கில்துறைப்பட்டில். கரும்பு வண்டிகளுக்கென்றே நெடுஞ்சாலைத் துறையில் கரும்புச் சாலை என்ற வகை உண்டு. ஆனால் அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் வகை பார்த்துத் திரும்புவதில்லை. வயலுக்கு எது குறுக்கு வழியோ அதில் இறங்கும். தெருவின் சிமென்ட் ஓரம் முதலில் விரல் அகலத்துக்கு விரியும், பிறகு சில்லு சில்லாகப் பெயரும். மழை வந்தால் அடிமண் கரைந்து மேல்தளம் தொங்கும். திட்டுவாங்குவது தலைவர்.

பணமும் பெரும்பாலும் மேலிருந்தே வந்திருக்கிறது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் (2000), நூறு நாள் வேலையின் பொருள் செலவுப் பங்கு, இரண்டே ஆண்டில் 10,000 கிலோமீட்டர் சாலையை 4,000 கோடி ரூபாயில் மேம்படுத்த 2023இல் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று தலைப்புகள் பல. மதிப்பீடு போடுவதும் அளந்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏற்றுவதும் ஒன்றியத்து ஓவர்சியர். எந்தத் தெரு முதலில் என்பதில்தான் தலைவரின் சொல் செல்லும். போட்டியின் உயிர்நாடி அந்த ஒரு வரிசைதான்.

2021 தேர்தல்

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும் மாவட்டப் பிரிவினையால் ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி அவற்றில் ஒன்று. ஆக, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தெருவில் பள்ளம் விழுந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் இல்லை. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வாக்குப்பதிவு, 12ஆம் தேதி எண்ணிக்கை. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை.

தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரியான பொதுச் சின்னங்களில்தான் நிற்க வேண்டும். யார் எந்தக் கட்சி என்பது ஊருக்குத் தெரியும், வாக்குச்சீட்டுக்குத்தான் தெரியாது. தலைவருக்கான சீட்டு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 300. செலவு வரம்பு 34,000 ரூபாய். அந்தத் தொகையில் தேர்தலை முடித்தவரைப் பார்த்தால் கும்பிடலாம். 2019, 2021 தேர்தல்களின்போது தலைவர் பதவியையே ஊர் கூடி ஏலம் விட்டதாகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்தன. ஏலம் செல்லாது, குற்றம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத இரண்டாவது போட்டி துணைத் தலைவர் பதவிக்கு. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் ஒப்பம் தர வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் போட்ட ரோட்டுக்கும் பில் நகராது. பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு 2016இல் சட்டமானது. சுழற்சியில் இடம் மாறினால், நன்றாக வேலை செய்தவரும் அடுத்த முறை நிற்க முடியாமல் போகலாம்.

பள்ளத்தில் கையால் ஜல்லி போடுகிறவர் தேர்தலில் வந்தவர் அல்ல. நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் 2002இல் கூட்டமாக நீக்கப்பட்டு 2006இல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இடையில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாக எண்ணச் சொல்லி அவர்கள் போராடிவந்தார்கள்.

ஆறும் மலையும்

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் இடையே அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த, 16 கோடி ரூபாய் உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. எந்த ஊராட்சித் தலைவரின் கணக்கிலும் வராத பாலம் அது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் கேள்வி வேறு. 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்த மலை அது. பல சிற்றூர்களுக்கு வழி காட்டுக்குள் போகிறது, காடு வனத்துறையுடையது. மலைவாழ் மக்களின் சாலை முதலிய வசதிகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது: ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் இருப்பது, கிராம சபையின் பரிந்துரை. முதல் இரண்டையும் அளப்பது அதிகாரிகள். மூன்றாவதற்குக் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவர், ஓட்டுக் கேட்டு வந்த அதே தலைவர்.