நடப்பட்ட மனிதர்கள்: ‘பிளாண்டேஷன்’ என்னும் சொல்

வில்லியம் பிராட்ஃபோர்டு 1630 வாக்கில் தம் ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் கடற்கரையில் அந்த ஊர் எழும்பிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. வரலாற்றுக்கு அவர் இட்ட தலைப்பு ‘ஆஃப் பிளிமத் பிளாண்டேஷன்’. பிளாண்டேஷன் என்றதும் இன்று நமக்குத் தேயிலைச் சரிவு நினைவுக்கு வரும். ரப்பர் மரங்கள் வரும். அமெரிக்கத் தெற்கின் பருத்திக்காடும் அதில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களும் வருவார்கள். பிராட்ஃபோர்டின் ஊரில் இவை எதுவும் கிடையாது. அங்கே நடப்பட்டவர்கள் மனிதர்கள்.

இலத்தீனில் ‘பிளான்டா’ என்றால் நடுவதற்கான கன்று, ஒடித்து ஊன்றும் கொம்பு. ஓரிடத்தில் முளைத்ததைப் பெயர்த்து வேறிடத்தில் வேர்பிடிக்க வைக்கும் அந்தச் செயலை ஆங்கிலேயர் மக்களுக்குப் பொருத்திப் பேசினார்கள். அதை முதலில் பெரிய அளவில் செய்துபார்த்த நிலம் அயர்லாந்து. 1580களில் மன்ஸ்டரிலும் 1609 முதல் அல்ஸ்டரிலும் ஐரிஷ்காரர்களிடமிருந்து பறித்த நிலத்தில் இங்கிலாந்துக் குடிகளையும் ஸ்காட்லாந்துக் குடிகளையும் கொண்டுபோய் அமர்த்தினார்கள். அந்தத் திட்டங்களுக்கு அரசு ஆவணங்களிலேயே பிளாண்டேஷன் என்றுதான் பெயர். ஃபிரான்சிஸ் பேக்கன் 1625இல் இதே சொல்லைத் தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரை நடுவதற்காக இன்னொருவரைப் பிடுங்கி எறியாத வெற்று நிலமே தமக்கு உவப்பானது என்று அதில் சொல்கிறார். சொல்லுக்குள் இருந்த கேடு அன்றைக்கே ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வெற்று நிலம் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

1620 டிசம்பரில் பிராட்ஃபோர்டின் கூட்டத்தை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பல் நின்ற இடத்தில் காடு திருத்திய வயல்கள் ஏற்கெனவே இருந்தன. பட்டுக்செட் என்ற வாம்பனோவாக் மக்களின் ஊர் அது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் ஊரே அழிந்துபோயிருந்தது. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த நோய் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பலில் வந்தவர்கள் 102 பேர். வசந்தம் வருவதற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் குளிருக்கும் நோய்க்கும் பலியானார்கள். எஞ்சியவர்கள் கடற்கரையிலிருந்து குன்றை நோக்கி ஒரே தெருவாக வீடு கட்டினார்கள். முதல் ஆண்டு முடிவில் குடியிருக்க ஏழு வீடுகளும் பொது உபயோகத்துக்கு நான்கு கட்டடங்களும் எழுந்திருந்தன. பிளாண்டேஷன் என்று அவர்கள் சொன்னது இதைத்தான்: ஒரு தெரு, பதினொரு கூரைகள், மக்காச்சோள வயல்.

அந்தச் சோளத்தை நடக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம். பட்டுக்செட்டிலேயே பிறந்தவர். 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரர் அவரைக் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்க முயன்றார். இங்கிலாந்து வழியாக 1619இல் அவர் ஊர் திரும்பியபோது வரவேற்க ஒருவரும் உயிரோடு இல்லை. வேரோடு பிடுங்கப்பட்ட அந்த மனிதர், புதிதாக நடப்பட்டவர்களுக்கு மீனை உரமாகப் புதைத்துச் சோளம் விதைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இந்தச் சொல்லின் வரலாற்றில் இவருடைய பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே வர்ஜீனியாவிலும் தொடக்கத்தில் இதே பொருள்தான். குடியேறியவர் ‘பிளாண்டர்’. 1616க்கு முன் வந்தவர்களை ‘பழைய பிளாண்டர்’ என்று தனியே குறித்து, ஆளுக்கு 100 ஏக்கர் கொடுத்தார்கள். பிறகு புகையிலை வந்தது. 1619இல் ஆப்பிரிக்கர்களை ஏற்றிய கப்பல் வந்தது. 1640களில் பார்படோசில் கரும்பு பரவியது. 17ஆம் நூற்றாண்டு செல்லச் செல்ல, நடப்பட்ட மக்களைக் குறித்த சொல் நடப்பட்ட பயிரைக் குறிக்கலாயிற்று. பிளாண்டர் என்பவர் மண்ணைத் தொடாத முதலாளி ஆனார். மண்ணைத் தொட்டவர்களுக்கு அந்தப் பெயர் இல்லை. பல இடங்களில் சொந்தப் பெயரே இல்லை.

இந்தப் புதுப்பொருளோடுதான் சொல் இலங்கை மலைகளுக்கு ஏறியது. 1854இல் காப்பித் தோட்ட முதலாளிகள் அமைத்த சங்கத்தின் பெயரில் பிளாண்டர் என்ற சொல் உண்டு. காடு வெட்டிக் கன்று ஊன்றியவர்களோ தமிழகத்திலிருந்து நடந்துபோன கூலிகள். அவர்கள் பிளாண்டரைத் துரை என்றார்கள், பிளாண்டேஷனைத் தோட்டம் என்றார்கள். அவர்களையும் கொண்டுபோய் நட்டதாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிராட்ஃபோர்டின் கூட்டத்துக்குக் கிடைத்த நிலவுரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பழைய பொருள் அமெரிக்காவில் ஒரு மூலையில் மட்டும் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. மாசசூசெட்சிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். பூர்வகுடிகளின் நிலத்தை எழுதிக்கொடுக்க இங்கிலாந்து அரசருக்கு உரிமை இல்லை என்று வாதாடியவர் அவர். நாரகன்செட் தலைவர்கள் கனோனிகஸ், மியான்டொனொமி ஆகியோரிடம் கேட்டே நிலம் பெற்றார். 1643இல் அவர்களுடைய மொழிக்கு ஒரு நூலும் எழுதினார். 1663ஆம் ஆண்டின் அரச பட்டயத்தில் ‘ரோட் ஐலண்ட் மற்றும் பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்’ என்ற பெயர் ஏறியது. அமெரிக்காவின் மிகச்சிறிய மாநிலத்துக்கு மிக நீண்ட பெயர் இருந்தது.

அந்தப் பெயரிலிருந்து ‘பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்’ என்ற பகுதியை விட்டுவிடலாமா என்று 2010இல் மக்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் மறுத்தார்கள். இது அடிமைத் தோட்டத்தைச் சொல்லவில்லை, குடியிருப்பைத்தான் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். சொல்வரலாறு அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்த மாநிலத்தின் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் பல்லாயிரம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன. நாரகன்செட் கரையோரப் பண்ணைகளில் அடிமைகள் மாடு மேய்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள். பட்டயத்தில் முதற்பொருளோடு ஏறிய சொல்லுக்கு இரண்டாம் பொருளும் அந்த மண்ணிலேயே விளைந்திருந்தது. 2020 நவம்பரில் மீண்டும் கேட்டபோது, சுமார் 53 விழுக்காட்டினர் அதை நீக்கச் சொன்னார்கள்.