தார்ப்பனும் படகோட்டியும்

அமெரிக்காவின் புளோரிடாவில், புண்டா ராசாவுக்கு அருகே, 1885-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த உட் என்பார் 93 ராத்தல் எடையுள்ள தார்ப்பன் மீனைத் தூண்டிற்கோலால் பிடித்தார். அதுவரை பெரும்பாலும் எறியீட்டியாலேயே அதனை வீழ்த்தி வந்தனர். செய்தி பரவவே, செல்வர் பலர் அக்கரைக்குத் திரண்டனர்.

புகழ் உட்டைச் சேர்ந்தது. எனினும், மீன் உலவும் இடமும் நீரோட்டம் திரும்பும் வேளையும் அறிந்தவர் உள்ளூர்ப் படகோட்டிகளே. அவர்களுக்கும் அப்புகழில் பங்குண்டு என்பேன்.

மே, ஜூன் திங்களில் போக்கா கிராண்டே கடல்வாயில் தார்ப்பன்கள் கூடுகின்றன. பின்னர் வெளிக்கடல் சென்று முட்டையிடுகின்றன. எலும்பாய் இறுகிய அவற்றின் வாயில் தூண்டில் முள் எளிதிற் பதியாது. உண்பார் அரியர், ஆயினும், சுவரில் மாட்டும் பெருமைக்காக எத்தனை மீன்கள் மாண்டன!

2013 முதல், பிடித்ததை உயிருடன் விட்டுவிட வேண்டுமென்பது அங்கே சட்டம். எடைச் சாதனையை நாடுவோர் மட்டும் தனிச் சீட்டுப் பெற்று, ஆண்டுக்கு ஒரு மீனை வைத்துக்கொள்ளலாம்.