வட்டுக்கோட்டை செமினரி

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் தொடங்கிய உயர்கல்வி நிலையம். 1816 முதல் அவர்கள் ஊர்தோறும் நடத்திய பள்ளிகளில் தேறிய மாணவரே இங்கு சேர்ந்தனர்; தங்கிப் படித்தனர். முதல் அதிபர் டேனியல் புவர், 1830-களின் நடுவில் மதுரைக்குப் பணி மாறிச் செல்லும்வரை இதை வளர்த்தார். அவருக்குப்பின் ஹென்றி ஹொய்சிங்டன் பொறுப்பேற்றார்.

பாடத்திட்டமே இதன் பெருமை. கிறித்தவ சமயம், ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழும் சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டன. சமயம் பரப்பும் நோக்கில் எழுந்த நிலையம் தமிழ்ப் புலமைக்கும் உரமானது, அக்காலத்துக்கு அரிய செயல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இங்கு பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர் கலித்தொகை, சூளாமணி முதலிய பழந்தமிழ் நூல்களை ஏடுகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். தமிழுலகம் அவருக்குப் பட்ட கடன் பெரிது.

மதப் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்று அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமை கருதியதால், 1855-இல் செமினரி மூடப்பட்டது. உள்ளூர்க் கிறித்தவர்களின் முயற்சியால் 1872-இல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது.