தலைப்பிறையும் குவிவு வில்லையும்

கல்முனையிலே கடல் கிழக்கே இருக்கின்றது. வயல்கள் மேற்கே விரிகின்றன. ஆகவே, தலைப்பிறை தேடுவோர் கடலுக்கு முதுகைக் காட்டி வயலுக்கு மேலுள்ள அடிவானத்தையே நோக்குவர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இதுவே காட்சி. அத்துணைத் தொலைவிலுள்ள பிறை கண்ணுக்குப் புலனாவது எவ்வாறு?

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுகின்றது என யூக்கிளிட்டும் தொலமியும் கருதினர். கி.பி. 965 அளவில் பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் இதனை மறுத்தார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டிற் செல்கின்றது. அதுவே கண்ணை அடைகின்றது என்று ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் நிறுவினார். இலத்தீனிற் பெயர்க்கப்பட்ட அந்நூல் 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

அதன் வழிவந்தவர் கெப்லர். புள்ளியிலிருந்து விரியும் கதிர்கள் விழிவில்லையால் மீண்டும் ஒரு புள்ளியிற் குவிந்து, விழித்திரையில் தலைகீழான விம்பத்தை ஆக்குகின்றன என அவர் 1604இல் விளக்கினார். 1611இல் இரு குவிவு வில்லைகளைக் கொண்டு தொலைகாட்டி அமைக்கும் வகையையும் கூறினார்.

தொலைவிலுள்ள புள்ளியொன்றின் கதிர்கள் ஏறத்தாழச் சமாந்தரமாக வந்து சேரும். நடுவே தடித்த வில்லை அவற்றைக் குவியத் தூரத்திலே ஒன்றுகூட்டும். சந்திரனின் மேல் விளிம்பிலிருந்து வரும் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்து வருவதால், அது கீழேயே குவியும். கீழ் விளிம்பின் ஒளி மேலே குவியும். விம்பம் தலைகீழாவதன் காரணம் இதுவே. சந்திர விம்பத்தின் விட்டம் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்காகும்.

பூரணையன்று சந்திரன் கடலிலிருந்து எழும்போது, 1 மீற்றர் குவியத் தூரமுள்ள வெள்ளெழுத்துக் கண்ணாடியொன்றை அதற்கு நேரே பிடித்து, 1 மீற்றர் பின்னால் வெண்தாளை வையுங்கள். ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலமுள்ள நிலா தாளிலே தோன்றும். சூரியனை மட்டும் வில்லையூடாக ஒருபோதும் நோக்கலாகாது, பார்வையே பறிபோகும்.

தொலைகாட்டியை ஆக்கியவரே இப்னுல் ஹைதம் என்று பெருமையோடு சொல்வாருமுளர். அது உண்மையன்று. ஒல்லாந்து நாட்டிலே 1608இல்தான் அக்கருவி அறிமுகமாயிற்று. தொலமியின் கூற்றுகளையே ஐயுற்றுத் தனிநூல் எழுதியவர் அவர். முன்னோர் சொல்லை ஆராயாது ஏற்பதை அவர் விரும்பவில்லை. அவரது புகழையும் நாம் ஆராய்ந்தே ஏற்போமாக. அவர் செய்த பணியே போதிய பெருமை உடையது.